ஒறம்பரைக் கடிகாரம்

பதினைந்து வேலம்பாளையத்தில் வீடு கட்டிக் குடிபோன அன்று
எங்களுக்கு வந்தவை
பதினான்கு சுவர்க் கடிகாரங்கள்,
ஆறு ஹாட்பாக்ஸ்,
ஒரு கண்ணாடி மயில்.

மயில் இரண்டாம் வாரமே உடைந்தது.
நல்ல மயில்.

கடிகாரங்கள் உடையாது.
ஒவ்வொன்றின் வயிற்றிலும்
தங்க எழுத்தில் ஒரு குடும்பம்:
அன்பளிப்பு, நாச்சிமுத்து, வெள்ளகோவில்.
சிவன்மலை அத்தை, மக்கள், மருமக்கள்.
ரைஸ்மில் பங்காளிகள், காங்கயம் ரோடு.
ஹாலில் இருந்தது ஒரே ஆணி.

போன் வரும்.
'ஊட்டுல இருக்கறீங்களா?
அவினாசி வரைக்கும் வந்தோம்.'
உடனே தெய்வசிகாமணி ஸ்டூல் மேல் ஏறுவார்.
நான் அட்டாலியில் துழாவி
வருகிற ஒறம்பரையின் பெயரைத் துடைத்து நீட்டுவேன்.
பேட்டரி போட்டு, முள்ளைத் திருகி,
கேட் திறக்கும் சத்தத்துக்குள்
வெள்ளகோவில் ஓட ஆரம்பித்துவிடும்.

ஒருமுறை
முகம் கொடுத்துப் பேசாத பங்காளிகள் இரண்டு பேர்
ஒரே நாளில் வந்துவிட்டார்கள்.
மூத்தவரை மாடிக்குக் கூட்டிப்போய்
கறிவேப்பிலைத் தொட்டியைக் காட்டினேன்,
காட்ட ஒன்றுமில்லாத அந்தத் தொட்டியை.
அவர் இறங்கி வந்தபோது
ஹாலில் மணி இருபது நிமிடம் பின்னால் போயிருந்தது.

கம்பெனியில் என் மேசைக்கு எதிரே மூன்று கடிகாரம்.
நமக்கு ஒன்று,
துணி வாங்கும் ஊர்களுக்கு இரண்டு.
அங்கே விடிந்தால் இங்கே மெயில் கத்தும்.
நீலம் ஒரு பொட்டு மங்கல்.
காலர் கால் அங்குலம் எச்சு.
எல்லாம் முடித்து வந்து படுத்தால்
பேட்டரி எடுக்க மறந்த நாலைந்து
அட்டாலியில் ஆளுக்கொரு நேரமாய்த் தட்டிக்கொண்டிருக்கும்.
ஒன்று மணிக்கொரு தரம் குருவியாய்க் கூவும்.
சிவன்மலை அத்தை கொடுத்தது.
அவரும் அப்படித்தான்.

ஆவணியில் ஒரு ஞாயிறு.
சண்டை ஒன்றுமில்லை.
ஸ்டூலின் ஒரு கால் ஆடியது.
'இனி ஏற மாட்டேன்' என்றார்.
'வேண்டாம்' என்றேன்.

நான்கு, கம்பெனி விடுதியில் ஒடிசாப் பிள்ளைகளுக்கு.
குருவி டீக்கடைக்குப் போனது.
மிச்சம் ஒன்பதைப் பழைய சாமான்காரர்
பிளாஸ்டிக் விலைக்கு நிறுத்தார்.
பெயர் எழுதிய கண்ணாடியை மட்டும்
எடையில் சேர்க்கவில்லை.

அன்று ராத்திரி
வெள்ளகோவிலே எழுந்து வந்து
கட்டிலைச் சுற்றி நின்றது போலிருந்தது.

புரட்டாசியில் சித்தப்பா வந்தே விட்டார்.
ஆணிக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.
நான் காப்பிக்குச் சர்க்கரையை இரண்டு தரம் போட்டேன்.
தேங்காய் விலை பேசினார்.
கீழ்பவானி வாய்க்கால் தண்ணி பேசினார்.
சுவரைப் பார்த்தாரா, அதற்கு அப்பாலா,
தெரியவில்லை.
பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து
கண்ணுக்கு எட்டப் பிடித்து
மணி பார்த்தார்.
'நாலேமுக்கா பஸ்ஸு போயிரும்.
ஒரு சொம்பு தண்ணி குடு அம்மிணி.'

செருப்பை மாட்டும்போது மட்டும்,
'அந்த ஆணி துருவேறுது பாரு.'

எங்கள் தெருவுக்கு ஆறு நாளைக்கு ஒருமுறை தண்ணீர்.
நேரம் சொல்லி வராது.
அலாரம் வைத்து வைத்து ஏமாந்திருக்கிறோம்.
நேற்று இருட்டில்
குழாய் முதலில் காற்றை விட்டது,
யாரோ மூக்கைச் சிந்துவது போல.
படுக்கையிலிருந்தே கேட்டது.

எழுந்து போய்க் குடத்தை வைத்தேன்.
மணி என்னவென்று பார்க்க ஒன்றுமில்லை.
குடத்தின் அடியில் தடதடவென்று விழுந்த தண்ணீர்
மேலே வர வர
குரல் மெலிந்துகொண்டே போனது.
கழுத்துக்கு வந்ததைக் காதே சொன்னது.
அடுத்த குடம்.
அடுத்த குடத்துக்குள்
பக்கத்து வீட்டுப் பூங்கோதையையும் எழுப்பிவிட்டேன்.

ஆணியை இன்னும் பிடுங்கவில்லை.
அவர் அதில் வண்டிச் சாவியை மாட்டுகிறார்.
சாவியோடு நிற்கட்டும் என்று
சொல்லி வைத்திருக்கிறேன்.